மூன்றரை அடி

காலை எட்டரைக்கு எனக்கு இரவு.
கழனிவாசலில் எல்லோரும்
பால் பாக்கெட் வெட்டும் நேரத்தில்
நான் வார்டைக் கழற்றிக் கொடியில் போடுகிறேன்.

அதனால்தான் பெயிண்டர் சவரிமுத்து அட்டையை விரித்து
"ரோஸ் வைங்க சிஸ்டர், லேடீஸ் ரூம்ல" என்றபோது
மழைக்குச் சற்று முந்தைய வானத்தைத் தொட்டுக் காட்டினேன்.
கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை.
"இது சுவரு மாதிரியா இருக்கு, மேகமால்ல இருக்கு."
அதேதான் வேண்டும்.
பெய்யாத மேகம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் என்று ஊரே சொன்னது.
பூ, பூவுக்குள் நட்சத்திரம்,
நட்சத்திரத்துக்குள் இன்னொரு பூ.
அழகுதான். ஆனால்
கண் அதில் நடக்கத் தொடங்கினால்
ஓரம் வரை போய்த்தான் திரும்பும்.
பன்னிரண்டு மணி நேரம் நடந்த கால் எனக்கு;
கண்ணாவது உட்காரட்டும்.
பூப் போடாத கல் கிடைக்குமா என்றேன்.
பட்டறைக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டு
"கிடைக்கும். யாரும் கேட்டதில்ல" என்றார்.
வெறும் சாம்பல் நிறம். வெறுங்காலை வைத்தால்
காய்ச்சல்காரி நெற்றியில் ஈரத்துணி.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில்
ஒரு பர்மா தேக்குக் கட்டில்.
நாலு தூண், தலைமாட்டில் ஜோடிக் கிளிகள்.
கடைக்காரர் ஐயாயிரம் ஐயாயிரமாக இறங்கி வந்தார்.
நான் கிளிகளையே பார்த்தேன்.
நூறு வருஷமாக
ஒன்றுகூடக் கண் மூடவில்லை.
தூக்கம் வராதவர்களோடுதானே
ராத்திரி முழுக்க இருந்துவிட்டு வருகிறேன்.

ஆகவே மாணிக்கவேல் ஆசாரி.
"அகலம்?"
"மூன்றரை."
காதிலிருந்து பென்சிலை எடுத்தவர் எழுதவில்லை.
"இப்ப எல்லாரும் ஆறுதாம்மா."
"மூன்றரை."
"பின்னால மாத்த முடியாது."
பின்னால் என்ற அந்தச் சொல்
அளவு நாடாவோடு சேர்ந்து
படக்கென்று சுருண்டு உள்ளே போனது.

பீர் முகமது தலைமாட்டின் இரண்டு பக்கமும்
சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தான், சுவிட்சுக்கு.
ஒன்றை விரலால் அழித்தேன்.
அவன் எதுவும் கேட்கவில்லை. சின்னப் பையன்,
அல்லது நல்ல பையன்.
அந்த வெள்ளை என் விரலில் இருந்தது
அன்று டியூட்டியில் கையுறை மாட்டும் வரை.

திரைக்கு மட்டும் மதுரைக்குப் போனேன்.
காரைக்குடி வெயில் லேசுப்பட்ட ஆள் இல்லை,
நூலுக்கு நூல் விசாரித்து உள்ளே வந்துவிடும்.
மூன்றடுக்குத் துணி.
ஜன்னலைத் தாண்டி ஒரு சாண் கூடுதலாகக் கம்பி.
அலமாரிக்குக் கைப்பிடி கிடையாது,
கண்ணாடி கதவின் உள்பக்கம்.

தேவகோட்டையிலிருந்து அக்கா வந்து நின்றாள்.
"காலண்டர்கூட இல்லையாடி?"
மணிக்கு ஒரு தரம்
தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுபவள் நான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
"லாட்ஜ் மாதிரி இருக்கு" என்றாள்.
காபியைக் குடித்துவிட்டு
அந்தக் கட்டிலிலேயே
மூன்று மணி நேரம் தூங்கினாள்.

பிறகு என் முறை.
கதவைச் சாத்தினேன், திரையை இழுத்தேன்.
ஏசி இருபத்தாறு.
வரைந்தபடியே எல்லாம் இருந்தது,
ஸ்டெபிலைசரில் ஒரு பச்சைப் புள்ளியைத் தவிர.
விட்டு விட்டு எரிந்தது.
எண்ணினேன்.
எழுபத்திரண்டு.
எழுபத்து நாலு.
ஒரு தடவை தாமதித்தது போலிருந்தது.
பார்த்தால்
எழுந்து நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

யூனிபார்ம் பையில் பிளாஸ்டர் இருந்தது.
ஓரங்குலம் கிழித்து,
ஊசி எடுத்த இடத்தில் ஒட்டுவது போல
கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன்.
அப்போதும் கசிந்தது.
மேலே இன்னொன்று.

ஆறு வாரம் அளந்து செய்த அறையில்
அளக்காமல் வைத்தது அதுதான்.

வெளியே யாரோ
சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனார்கள்.
மூன்றரை அடியில்
குறுக்காகப் படுத்துப் பார்த்தேன்.
இடம் இருந்தது.