கோமாரி சேர்வர்

கல்முனையில் மணிக்கூடு திருத்தும் கடைக்கு மேல்மாடி.
விடிந்தால் அறுபது பென்டிரைவில்
எங்கள் தொகுப்பைப் பதிய வேண்டும்.
பாணமை வரை போகும் அது,
இணையம் எட்டாத பள்ளிக்கூடங்களுக்கு,
றப்பர் பட்டி போட்டு, பத்துப் பத்தாய்.

பட்டியலில் எண்ணூற்றுப் பதினொரு பொதிகள்.
றிஸ்மியா ஒன்றில் விரலை வைத்தாள்.
"இத எடுக்கணும்."

நெல்விலை.
சம்பா என்ன விலை, நாடு என்ன விலை
என்று கேட்க மட்டும் தெரிந்த நிரல்.
பதில் சொல்ல வேண்டியது
கொழும்பில் ஏதோ ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தது.
திட்டம் முடிந்தது.
கடைசி அறிக்கையைப் பளபளத்த தாளில் அச்சடித்த வாரமே
சேர்வரை அணைத்தார்கள்.
கேட்கிற பாதியின் மூலநிரலை
எல்லாருக்கும் தந்திருந்தார்கள்.
சொல்கிற பாதியை
ஒருவருக்கும் காட்டவில்லை.

"ஊசிய நம்மட கையில தந்துட்டு
நூலப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டாங்க.
அதுக்குப் பேரு சுதந்திர மென்பொருளாம்.
அந்தப் பூட்டுக்கு நாம ஏன்கா விளம்பரம் போடணும்?"

நான் சொன்னேன்:
எந்தத் தளத்தின் வயிற்றுக்குள்ளும் நாம் பார்த்ததில்லை.
அதற்காக உலாவியைத் தூக்கிவிடுவோமா?

"உலாவி ஆயிரம் கதவத் தட்டும்.
இது தட்டுறது ஒத்தக் கதவு.
அந்த ஊட்டுலயும் ஆளில்ல."

நியாயம்தான்.
நான் சொல்லாமல் விட்டது வேறு:
அதன் இருநூற்றுப் பதினாறு வரிகளையும்
தமிழாக்கியவன் நான்.
'மறுபடி முயல்க' என்பதா
'திரும்பக் கேளுங்கள்' என்பதா
என்று ஒரு கிழமை தூங்காதவன்.

தவேந்திரன் அதுவரை வாய் திறக்கவில்லை.
மடியில் கிடந்த கச்சான் கோதைத் தட்டிவிட்டு
மெல்லச் சொன்னான்:
போன மாதம் கோமாரிக்கு மெஷின் திருத்தப் போனேன்.
பத்தாம் ஆண்டுப் பிள்ளை, யுகதாரணி.
நெல்விலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.
அது என்ன கேட்கிறது,
எந்த வாசலில் பதிலுக்கு நிற்கிறது
எல்லாம் கண்டுபிடித்து,
பக்கத்து மேசைப் பழைய மெஷினில்
நாற்பது வரி எழுதியிருக்கிறாள்.
அதுதான் இப்போது சேர்வர்.
விலை ஒன்றும் தெரியாது அதற்கு.
எது கேட்டாலும் 'ஓம்' என்கிறது.

சம்பா என்ன விலை?
ஓம்.
நாடு?
ஓம்.
நேற்றைக்கு?
ஓம்.
கீழே என் தமிழில், பணிவாக:
'விவரம் பெறப்பட்டது. நன்றி.'

றிஸ்மியா சிரித்தாள்.
முந்தானையால் கண்ணைத் துடைக்கும் வரை சிரித்தாள்.
பிறகு, அதே மூச்சில்:
"சம்மாந்துறையில வாப்பா லொறியோட நிண்டாரு.
நான்தான் சொன்னன், பொறுங்க, விலை வருது எண்டு.
ரெண்டு மணித்தியாலம்
இந்த வட்டம் சுத்தினதுதான் மிச்சம்.
மழை இறங்கிட்டு.
ஆலைக்காரன் சொன்ன விலைக்கே குடுத்துட்டு வந்தாரு.
அறுபது பள்ளிக்கூடத்துலயும்
ஒரு யுகதாரணி இருப்பாளா?"

எங்களிடம் பதில் இல்லை.
மின்சாரமும் அப்போதுதான் போனது.
மடிக்கணினி வெளிச்சத்தில்
மூன்று பேரின் கைகள் மட்டும் தெரிந்தன.

இரண்டு மணிக்கு அந்த வரியை நானே அழித்தேன்.
எண்ணூற்றுப் பத்து.
மெனுவில் நெல்விலை இல்லை.
சொடுக்கிவிட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.
மூலநிரல் மட்டும் ஒரு மூலையில்,
தேடிப் போகிறவர் கைக்கு எட்டும்படி.
பக்கத்தில் கோமாரியின் நாற்பது வரி.
முகப்புக் குறிப்பை றிஸ்மியாவே தட்டினாள்:
'இது கேட்கும். பதில் வராது.
பதில் வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுத வேண்டும்.'

இவ்வளவும் போதுமா என்று கேட்டேன்.
"ஓம்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.
அது அவளுடைய ஓமா
கோமாரி ஓமா, தெரியவில்லை.

அறுபதில் இரண்டு பென்டிரைவ் பழுது.
கீழே அக்கரைப்பற்றுக்கு முதல் பஸ்
ஹோர்ன் அடித்தது.