தொகைப் பத்தி

காரைக்குடியில் என் அறைக் கதவில் ஒரு பித்தளைப் பலகை:
வயி.சுப. அறக்கட்டளை, கணக்கியல் வணிகவியல் இருக்கை.
இருக்கை என்றால் நாற்காலி இல்லை என்று
சேர்ந்த அன்றே அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.
நாற்காலிக்குத் தனி விண்ணப்பம்.
மூன்று மாதம் ஸ்டூல்.

கோப்பு சொல்வது இது:
வாக்கேமாவில் ஒரு கடை.
ஐந்தொகை போடும்போதெல்லாம் நூற்றுக்குக் கால் ரூபாய்
வயிரவர் பேரில் மகமை.
சாமிக்கும் கடை ஒரு கடன்காரன்தான்.

நாற்பத்திரண்டில் குண்டு விழுந்தது.
மேலாள் முத்துக்கருப்பன் அரக்கான் மலை தாண்டி
நடந்தே வந்தார், முதுகில் பேரேடு.
அதில் இருந்த பற்றெல்லாம் வராக் கடன்.
மகமை மட்டும் மதராஸ் பாங்கியில் கிடந்தது,
யாருக்கும் சொந்தமில்லாததால் பத்திரமாக.

ஐம்பத்தெட்டில் பங்காளிகள் கூடினார்கள்.
கோயில் திருப்பணியா கல்லூரியா என்று மூன்று நாள்.
'சாமிக்குக் கணக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத்தான் தெரியாது'
உள்கட்டிலிருந்து உமையாள் சொன்னது
தீர்மானமாயிற்று.
தீர்மானத்தில் அவள் கையெழுத்து இல்லை.

முதல் பேராசிரியர் கோபாலதேசிகன்.
இரட்டைப் பதிவு இத்தாலியில் பிறந்தது என்று
பதினெட்டு வருஷம் நடத்தினார்.
பேரேடு அவர் பீரோவில்தான் இருந்தது,
சாவியும் அவரிடம்தான்.
அடுத்து வந்த ஜக்கரியா திறந்து பார்த்தார்.
பூச்சி அரித்தது போக மிச்சத்தைப் படியெடுத்தார்,
பாதியில் ஓய்வு வயது வந்துவிட்டது.

பிறகு வட்டி இறங்கிற்று.
வட்டிக்கடைப் பணத்தில் வைத்த இருக்கை
வட்டி போதாமல்
பதினொரு வருஷம் காலி!
இதை நான் வகுப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள்.
நானும் சிரிப்பேன்.
என் அப்பா தேவகோட்டை ரஸ்தாவில்
வாரவட்டிக்கு வாங்கி மிளகாய் வியாபாரம் செய்தவர்.
பத்திரத்தில் அவர் பெருவிரல் பார்த்திருக்கிறேன்,
பக்கத்தில் தொகை எழுதாமல் விட்ட இடத்தையும்.

முதல் நாள் பாடம் எப்போதும்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
கோ தெய்ன். நெல் முந்நூறு கூடை.
வட்டி நிலுவை. நிலம் எழுதி வாங்கியது.
பலகையில் நடுக்கோடு போடுகிறேன்.
'இப்ப நம்ம சம்பளம் எந்தப் பக்கம் வரும், மேடம்?'
கடைசி பெஞ்சு, பள்ளத்தூர்ப் பெண்.
நம்ம என்றுதான் சொன்னாள்.

மணி அடித்துவிட்டது. பரீட்சைக்கு வராது என்று
நோட்டுகள் மூடுகின்றன.

அதே பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில்,
முத்துக்கருப்பன் எழுத்து:
'நடந்து வருகையில் இவன் வீட்டில்
இரண்டு நாள் சோறு.'
தொகைப் பத்தியில்
ஒன்றும் எழுதவில்லை.