நவம்பர் 14, பக்கத்தின் அடியில்

மதகு அறையில் ஒரே ஒரு புத்தகம்.
எனக்கு முன் இங்கே இருந்து ஓய்வுபெற்ற யாரோ
விட்டுப்போனது. முதுகு கிழிந்து
ஒரு ரப்பர் வளையத்தின் தயவில் நிற்கிறது.
நூறாண்டு முன் ஃபிரீஸ்லாந்தில் பிரசங்கித்த
ஒரு போதகரின் எழுத்தை
நாளுக்கு ஒரு பத்தியாக யாரோ நறுக்கி
முந்நூற்று அறுபத்தாறு துண்டுகள்.

பகலில் நீல்ச்சே படிக்கிறாள்.
இரவில் நான்.

எனக்குச் சபை கிடையாது. ஜெபமும் வராது.
ஆனால் சரளை ஏற்றிய படகு உள்ளே வந்து
பின்கதவு மூடி, நீர் ஏறி முடிக்கப்
பதினோரு நிமிடம் ஆகும். ஸேலாந்தின் இருட்டில்
பதினோரு நிமிடத்தை வேறு என்ன செய்ய?
ஒரு பத்திக்கு நான்கு.
மீதி ஏழும் அதோடு சண்டை.

பன்னிரண்டு அடித்ததும் தாளைப் புரட்டிவிடுவேன்.
ஆகையால் நீல்ச்சேயின் நாள்
அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும்:
இன்று அவளுக்குப் பொறுமை வரப்போகிறது,
இன்று விதைக்கிறவன்,
இன்று யோபுவின் சாம்பல்.
ஆறு மணிக்குச் சாவி கைமாறும்போது
ஒன்றும் சொல்வதில்லை.
காபி மட்டும் சூடாக வைத்திருப்பேன்,
யோபு வரும் நாளில் கொஞ்சம் கூடுதலாக.

நவம்பர் பதினான்கு:
“உன் சகோதரன் தட்டுமுன் நீயே போய்த் திற.
தாழ்ப்பாள் உன் பக்கம்தான் இருக்கிறது...”
அவ்வளவுதான். மூன்று புள்ளிகளோடு
அன்றைய நாள் முடிந்தது.

அவள் அக்கா யாக்கோமீனா
அணைக்கரைக்கு அப்பால் இருக்கிறாள்,
சைக்கிளில் இருபது நிமிடம்.
தாயின் வீட்டை விற்ற பணம்; ஒன்பது வருடம்.
கரையின் இரு பக்கமும் எல்லாருக்கும் தெரியும்.
அந்தத் தாளை மட்டும்
கோப்பை வைத்து மறைக்கலாமா என்று நினைத்தேன்.
வைத்தேன்கூட. பிறகு எடுத்துவிட்டேன்.
வட்டமாய்க் கறை விழுந்துவிட்டது.

மறுநாள் அவள் ஒன்றும் பேசவில்லை.
பதினைந்து, பதினாறு என்று
அடையாளத்துக்கு வைத்த ரசீதுத் துண்டு
ஒழுங்காக நகர்ந்தது.

டிசம்பரில் ஓர் இரவு, பனிமூட்டம்.
படகுகள் கட்டிய இடத்திலேயே கிடந்தன.
சும்மா பின்னோக்கிப் புரட்டினேன்.
என் கறைக்குக் கீழே அவள் பென்சில்:

“மிடல்பர்க் நூலகத்திலிருந்து
முழுப் புத்தகத்தையும் வரவழைத்தேன்.
புள்ளிகள் இருக்கும் இடத்தில் அந்த ஆள் எழுதியது:
‘இதை எழுதுகிற நான் என் தம்பியைப் பார்த்துப்
பதினான்கு வருடம். தாழ்ப்பாளில் கை வைக்கிறேன்,
எடுக்கிறேன். தேவனே, இரும்பு எவ்வளவு குளிர்.’”

நறுக்கியவர்மேல் வந்த கோபத்தில்
எழுந்து வெளியே போய்விட்டேன்.
நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்.
காலையில் ஒருவர் நிமிர்ந்து எழவேண்டும்,
ரொட்டியில் வெண்ணெய் தடவவேண்டும்.
எத்தனை சமையலறையில் எத்தனை பேர்
அந்தக் குளிரில்லாத கட்டளையை மட்டும்
விழுங்கிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஆறு மணிக்கு வந்தாள். கையுறையைக் கழற்றினாள்.
“படித்தாயா?”
“படித்தேன்.”
“இப்போதுதான் அந்த ஆளை எனக்குப் பிடிக்கிறது.”
அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

எங்கள் ஊர்ப் போதகருக்கு
மதகு திறப்பதை மன்னிப்புக்கு உவமையாக்க ஆசை.
வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்வாராம்.
பல்சக்கரத்துக்கு எண்ணெய் போட அவரை
ஒருநாள் கூப்பிடவேண்டும் என்பாள் நீல்ச்சே.

இப்போது நான் புள்ளிகளைத் தேடித்தான் படிக்கிறேன்.
மார்ச்சில் இரண்டு இடம்.
ஜூனில் ஒன்று, வாக்கியத்தின் நடுவிலேயே.
முழுப் புத்தகம் மேசை இழுப்பறையில் இருக்கிறது,
தவணை தாண்டி ஆறு வாரம்.
அபராதம் ஆளுக்குப் பாதி.