மைனஸ் பூஜ்யம் புள்ளி ஏழு

சமையலறை மேசையில் மூன்று உணரிகள்.
ஒரே மேசை, ஒரே காற்று, ஒரே நிமிடம்.
ஒன்று இருபத்தொன்று என்றது,
அடுத்தது இருபது புள்ளி மூன்று,
மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு
இருபத்திரண்டரை.

கூசமோ ஏரிக்கரையில்
குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் மரவீட்டுக்கு
இவற்றில் ஒன்றுதான் போகவேண்டும்.
அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால்
குழாய்க்குள் தண்ணீர் கல்லாகும்,
கல் பருக்கும், செம்பு வெடிக்கும்,
மே மாதம் கதவைத் திறந்தால்
தரைப்பலகை மிதந்து வந்து வரவேற்கும்.
இருநூறு கிலோமீட்டருக்கு இப்பால்
ஓலுவில் கடிதம் பிரிக்கும் இரவுப்பணியில் நின்றபடி
நான் தெரிந்துகொண்டாக வேண்டும்.

கடையில் வேய்கோ சொன்னான்:
பொத்தான் பேட்டரி வேண்டாம்,
குளிரில் அதற்கு மூச்சு நின்றுவிடும்.
வைஃபை வேண்டாம், தின்றே தீர்த்துவிடும்.
தடித்த பைன் சுவரைத் தாண்ட
தாழ்ந்த அலைவரிசைதான் சரி.
எது சரியாகக் காட்டும் என்று கேட்டேன்.
எதுவும் காட்டாது என்றான்.
விலையைக் குறைக்கவில்லை.

பனிக்கட்டியை நொறுக்கி, நீர் விட்டுக் கலக்கி,
பையில் கட்டி மூன்றையும் அமிழ்த்தினேன்.
முதலாவது ஒருமுறை பூஜ்யம், மறுமுறை ஒன்றரை.
மூன்றாவது மூன்றில் ஏறி நின்றுகொண்டு
இறங்க மறுத்தது, பிறகு ஒன்றுக்கு வந்தது.
நடுவில் இருந்தது மட்டும்
நாலு தடவை வைத்தேன்,
நாலு தடவையும் பூஜ்யம் புள்ளி ஏழு.

ஒரே அளவில் பொய் சொல்பவனை நம்பலாம்,
கழித்துக்கொண்டால் போதும்.
அவ்வப்போது உண்மை பேசுபவனோடுதான்
குடித்தனம் கஷ்டம்.
அதன் முதுகில் துண்டுத்தாள் ஒட்டி எழுதினேன்:
மைனஸ் 0.7. மறக்காதே.
எனக்கு நானே எழுதியது.

பிப்ரவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
மூன்று வாரமாய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
போகவில்லை.
வியாழன் இரவு பத்தே முக்காலுக்கு
ஆறில் படுத்துக் கிடந்த கோடு எழுந்தது.
எட்டு. பதினொன்று. பதினாறு.
ஹீட்டர் தானாக நின்றிருந்தது.
அப்படியென்றால் விறகு.
அப்படியென்றால்
இன்னொரு சாவி வைத்திருக்கும் ரைமோ.

அப்பாவின் படகை விற்றது நான்.
அவனைக் கேட்கவில்லை.
ஆறு வருஷமாய் அண்ணன் தங்கைக்குள்
ஒரு பிறந்தநாள் வாழ்த்துகூட இல்லை.

போனை எடுத்தேன், வைத்தேன்.
பின்னறை ஹீட்டரை இங்கிருந்தபடியே
இருபதுக்கு ஏற்றினேன்.
அவன் எப்போதும் படுப்பது அந்த அறையில்தான்.
அங்கே ரிலே 'டக்' என்றிருக்கும்.

நள்ளிரவு தாண்டி உணரி செத்தது.
கோட்டில் ஓட்டை விழுந்தது.
நாலு நிமிடம். ஏழு நிமிடம்.
பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டானோ,
போடக்கூடியவன்தான்.
ஒரு மூட்டைக் கடிதங்களைத்
தப்பான ஊர்ப்பெட்டியில் கொட்டியிருந்தேன்.

பிறகு வந்தது:
பேட்டரி நூறு.
வெப்பம் முப்பத்தொன்று புள்ளி இரண்டு.
அந்த வீட்டில் எந்த அறையும்
அவ்வளவு சூடில்லை.
மெல்ல இறங்கியது,
முப்பது, இருபத்தெட்டு, இருபத்தைந்து,
உள்ளங்கையை விட்டு
ஆணிக்குத் திரும்பிய பொருள்
ஆறும் வேகத்தில்.

முப்பத்தொன்று புள்ளி இரண்டு.
கழித்துக்கொண்டேன்.