ஏழாம் லயத்தில் நிருப வாசிப்பு

சேரம்பாடி, புதன்கிழமை.
ஏழாம் லயத்துக் கடைசி வீடு.
கரண்டு போய் மூன்றாம் நாள்.
யானை இறங்கியிருக்கிறது என்று
பதினைந்து பேர் கூடும் இடத்தில் ஆறு பேர்.
தகரத்தில் மழை.
ஆமென் சொன்னது யாரென்றும் கேட்கவில்லை.

நிருபத்தில் அந்த வசனம் வந்ததும்
சபை ஊழியர் தேவபிச்சை விரல் வைத்து நிறுத்தினார்.
பெண்கள் சபையில் வாய் திறக்கலாகாதாம்.
எங்கள் பக்கம் பார்க்காமல்
மெழுகுவர்த்தியைப் பார்த்துச் சொன்னார்.
ஞாயிறுதோறும் முதல் பாடம் வாசிக்கிற சலோமி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எங்கள் வீட்டு நிருபம் ஞாபகம் வந்தது.

நீல ஏரோகிராம், பதுளை முத்திரை.
அன்னபாக்கியம் அத்தை அப்பாவுக்கு எழுதியது:
தம்பி, இந்தப் பக்கம் வராதே.
மகனையும் அனுப்பாதே.
அப்பா உரக்க வாசித்து மடித்தார்.
புடவைக்கடையில் பங்கு கேட்போம் என்று
பயப்படுகிறாள், என்றார்.
கப்பலேறி வந்தவனுக்கு அக்காளும் இல்லை என்றார்.
முப்பத்தொரு வருடம்
அந்த இரண்டு வரியை வைத்தே அவளை வெறுத்தோம்.
கல்யாணங்களுக்குச் சொல்லவில்லை.
அப்பா செத்ததற்கும்.

பெட்டியின் அடி துருவேறி உதிர்ந்த அன்று
ஏரோகிராமை முழுக்க விரித்தேன்.
பசை ஒட்டிய மடிப்புக்குள் தேதி:
எண்பத்து மூன்று, ஆகஸ்டு இரண்டு.

கடை எரிந்ததென்று ஒரு சொல் இல்லை.
வழியில் யார் பிரித்து வாசிப்பார்களோ.
ஓரத்தில் பென்சிலால்,
சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருந்தாள்.
சின்னவள் நான்.

அப்பா என்ன எழுதினார்,
எதற்கு இது பதில் என்பது
அவள் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும்.
அந்த வீடு இருந்ததா?

"ஐயா," என்றேன், வாய் திறந்து.
"நீங்கள் எழுதிக் கேட்டவை பற்றி என்று
நடுவில் அவரே சொல்லுகிறாரே,
அவர்கள் எழுதினது எங்கே?"
தேவபிச்சை தாளைப் புரட்டினார்,
அங்கே இருக்கும் என்பதுபோல.

"அதே நிருபத்தில் கொஞ்சம் முன்னே
ஜெபிக்கிற பெண் முக்காடு போடட்டும் என்கிறார்.
வாய் திறக்காதவளுக்கு முக்காடு பற்றி எதற்குச் சொல்லவேண்டும்?
அந்த ஊரில் அன்றைக்கு என்ன சத்தம்,
யார் யாரை மறித்துப் பேசினார்கள்,
எனக்குத் தெரியாது ஐயா. உங்களுக்கு?"

மழை கொஞ்சம் விட்டது. விட்டிருக்க வேண்டாம்,
என் குரல் பெரிதாகக் கேட்டது.

இன்னொரு நிருபத்தைக் கடல் தாண்டிக்
கொண்டுபோனது ஒரு பெண் என்கிறார்கள்.
இதற்கு என்ன அர்த்தம் என்று
அந்த ஊரார் முதலில் அவளைத்தானே கேட்டிருப்பார்கள்.
வேறொன்றில்
யார் வீட்டிலோ விட்டுவந்த அங்கியைக் கேட்கிறார்,
குளிர் வருமுன் கொண்டுவா என்று.
அதை மட்டும் இந்த மலையில் எவரும்
நமக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சலோமி சிரித்துவிட்டாள்.
தேவபிச்சை சிரிக்கவில்லை.
"வேதத்தை ஏரோகிராம் ஆக்காதே" என்றார்.
அதிலும் நியாயம் உண்டு.
பிறகு பிளேன்டீ வந்தது, சர்க்கரை குறைவு.
ஞாயிற்றுக்கிழமைப் பாடம் யாருக்கு என்று
அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
டார்ச்சை முன்னே பிடித்து
லத்தி வாசனை வருகிறதா என்று முகர்ந்துகொண்டே
ஆறு பேரும் ஒன்றாய் இறங்கினோம்.

இரவு ஒரு தாள் எடுத்தேன்.
தேதி போட்டேன். ஊர் போட்டேன்.
மழை, கரண்டு இல்லாதது, யானை,
எனக்கு இப்போது என்ன வயது என்பது,
எல்லாம் எழுதினேன்,
கேட்க வந்ததைக் கேட்குமுன்.
இருமல் அப்போதே நின்றுவிட்டது அத்தை என்றும்.

விலாசத்துக்கு அந்த நீலத்தாளைத் திருப்பினேன்.
கடைத்தெரு, பதுளை.
கதவு எண்ணில் மட்டும்
பசை.