நிற்கும் தூரம்

மேட்டுப்பாளையம் எடைமேடையில்
மிளகு சும்மா நிற்கவில்லை.
நானூற்றுப் பத்து, முந்நூற்றுத் தொண்ணூறு, நானூற்று இருபது.
அவள் கால் மாற்றும்போதெல்லாம்
சிவப்பு எண்களும் கால் மாற்றின.
"மணல்னா ஒரே எண்ல நிக்கும்மா"
என்றார் சீட்டு எழுதுகிறவர்.
இருபதைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.
டிரெய்லர் அறுநூற்று எண்பது.
வைக்கோல், தண்ணீர் கேன், சேணம் சேர்த்து
ஆயிரத்து இருநூறு என்று
மின்கட்டண ரசீதின் முதுகில் கூட்டினேன்.
மின்துறையில் கூட்டல்தான் என் பிழைப்பு.

விழுப்புரம் சாலையின் பழைய வண்டிக் கடைகளில்
நானும் இளந்திரையனும் ஏறி இறங்கினோம்.
"நூத்திமுப்பது குதிரைசக்தி மேடம்,
ஒரு குதிரைய இழுக்காதா?"
சிரித்து வைத்தேன்.
அடுத்த கடையிலும் அதே.
மூன்றாவது கடையில் சவரிராயன் வாயைத் திறக்கும் முன்னால்
நானே சொல்லிவிட்டேன்.
பாவம், முகம் வாடிவிட்டது.

எல்லோரும் இழுப்பதைப் பற்றியே பேசுகிறார்கள்.
டர்போ என்கிறார்கள், டார்க் என்கிறார்கள்.
ஏற்றம் என்று இந்தப் பக்கம் இருப்பது
அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஒன்று.
அதில் ஏறுமா என்று நான் கேட்கவில்லை.
இறங்கும்போது நிற்குமா?

போன ஐப்பசியில் ஓர் இரவு
மிளகுக்கு வயிறு முறுக்கிக்கொண்டது.
அங்கே யாரோ இருப்பதுபோலத்
தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
மாடு ஏற்றுகிறவர், குதிரை என்றதும் போனை வைத்தார்.
அபிஷேகப்பாக்கத்திலிருந்து குரும்பாபேட் கால்நடைக் கல்லூரிவரை
மழையில் நடத்தியே கூட்டிப்போனேன்.
படுக்க விடக் கூடாது.
படுத்தால் புரள்வாள், புரண்டால் குடல் திருகும்.
ஒவ்வொரு மின்கம்பத்துக்கும் ஒரு பேரம்:
இதுவரைக்கும் வா.
சரி, இதோ இதுவரைக்கும்.
வாசலை அடைந்தபோது விடிந்திருந்தது.
பிழைத்தாள்.
அந்த இரவு இன்னொரு முறை வரும்.
அதற்குத்தான் வண்டி பார்க்கிறேன்,
ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு இல்லை.

"டிரெய்லரைப் பூட்டுங்க, நான் உள்ள நிக்கிறேன்."
"நீங்களாம்மா?"
"அவளுக்குப் பேச வராதே."

வெள்ளை வண்டி வேகமெடுத்ததே தெரியவில்லை.
பாலத்திலிருந்து இறங்கும்போது
ஆட்டோ ஒன்று குறுக்கே வர
மார்புக்கட்டையில் போய் விழுந்தேன்.
இரண்டு நாள் இருமும்போதெல்லாம் வலித்தது.
சாம்பல் நிறத்து வண்டி
அறுபதைத் தாண்டியதும் டிரெய்லரை வால் ஆட்டவைத்தது.
ஓட்டுகிறவனுக்கு அது சாலை.
பின்னால் நிற்கிறவளுக்குத் தோணி.

மூன்றாவது,
தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு ஐஸ் அடித்த நீல வண்டி.
தொட்டி விளிம்பெல்லாம் துரு,
ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை,
கழுவியும் போகாத மீன் வாடை.
கண்களை மூடிக்கொண்டேன்.
அவளுக்கும் உள்ளேயிருந்து சாலை தெரியப்போவதில்லை.
தகரத்தின் முனகல்,
எங்கோ எதிரில் ஒரு பஸ்ஸின் ஹாரன்,
என் கால்களுக்கு அடியில் ஊரின் சொரசொரப்பு.
பின்கதவு திறந்தது.
"என்னக்கா, இறங்கலியா?"
நின்றது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையில்தான் கமிஷன் அதிகம்போல.
"வாடை போகாதும்மா" என்று
விற்கிறவரே இரண்டு தரம் எச்சரித்தார்.
பிறகு சங்கத்தில் கடன்,
தடையில்லாச் சான்றுக்குக் கடலூர் ஆர்டிஓவுக்கு மூன்று நடை,
அங்கே ஒருவர்
"குதிரைக்கா?" என்று கேட்டு
பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தது.

இன்று காலை அவிழ்த்து விட்டேன்.
மிளகு நேரே நீல வண்டியிடம் போனாள்.
மோந்தாள்.
தொட்டியின் விளிம்பை நக்கினாள்,
நகர்ந்து நகர்ந்து மறுமுனைவரை நக்கினாள்.
உப்பு.
துருடீ, வேண்டாம் என்றேன்.
காதுகளை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

டிரெய்லருக்குள்
இன்னும் ஒரு குளம்புகூட வைக்கவில்லை.