தாள் இல்லை

அம்பத்தூர் திருகாணிக் கம்பெனி மூடி
இருபத்தெட்டு வருஷம்.
லேபர் கோர்ட்டுக்குப் பழைய சம்பளப் பட்டியல் வேண்டுமாம்.
வக்கீல் ஜெபக்கனி
பூசணம் பூத்த ஏழு ஃபிளாப்பிகளை
டிபன் டப்பாவில் கொண்டுவந்தார்.
ஒன்று செத்திருந்தது.

ராத்திரி முழுக்கப் பொய் சொன்னேன்.
நீ இருப்பது லேப்டாப்பில் இல்லை,
நாலு எம்பி மெமரி போட்ட 386-இல் என்றேன்.
ஏ டிரைவ் இருக்கிறது, தொட்டுப் பார் என்றேன்.
பாடி சிக்னலில் மாட்டிய பஸ் அளவுக்கு
வேகத்தை இறக்கினேன்.
தேதி கேட்டது டாஸ்.
டிசம்பர் 9, 1994.
நம்பிவிட்டது.

கறுப்பில் பச்சையாய்
நூற்றுப் பதினாறு பேர்.
லேத் ஷிஃப்ட், ஈ.எஸ்.ஐ. பிடித்தம், பொங்கல் அட்வான்ஸ்.
எழுபத்தொன்றாவது வரியில்
சி. முனிரத்தினம், ஓவர்டைம் ஆறு மணி.
வழக்குப் போட்டவர்.
கொரட்டூரில் இருக்கிறார், ஒரு கண் மட்டும் தெரியும்.

அச்சிடு என்று தட்டினேன்.
பிரிண்டரில் தாள் இல்லை என்கிறது.
எல்லாவற்றுக்கும் பொய் சொன்னவன்
இதற்கொன்று
சொல்ல மறந்திருக்கிறேன்.

தெருவில் பால் வண்டி.
கர்சர் துடித்தபடி நிற்கிறது,
ஷிஃப்டில் யாராவது எழுந்துபோய்
தாள் வைப்பார்கள் என்று.